டேங்கைத் துடைக்க பனியன் வேஸ்ட் போதுமா? வண்டி கழுவுவது பற்றிய கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதி "எந்த ஷாம்புங்கண்ணா நல்லது?" என்பதுதான். அது அப்புறம். வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் துணியும் தண்ணீரும்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர்ல பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனில மிஞ்சற வெட்டுத்துணி) கிலோக் கணக்குல கிடைக்குதுங்க. அதுலயே டேங்கைத் துடைக்கலாமுங்களா? (திருப்பூர்)

செயின், ரிம், இன்ஜின் அடிப்பக்கம் என்றால் தாராளமாகத் துடையுங்கள். டேங்குக்கு வேண்டாம். ஒரு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள், மெத்தென்ற காட்டன் துண்டோடு பாலியஸ்டர் கலந்தது, ஓவர்லாக் தையல் விளிம்பு, பிரிண்ட் அடித்துக் காய்ந்து மொரமொரப்பான துண்டு என்று எல்லாம் கலந்தேதான் கிடக்கும், அதில் தையலும் பிரிண்டும் கறுப்பு டேங்கில் நன்றாகக் கோடு போடும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு வாங்கி, ஒன்றை டேங்குக்கு மட்டும் தனியாக வையுங்கள். அதைவிட முக்கியம், காய்ந்த தூசியை எந்தத் துணியாலும் துடைக்கக் கூடாது. காலையில் கிளம்பும்போது சர்சர் என்று தட்டிவிட்டுப் போகிறோமே, டேங்கை வெயிலில் பார்த்தால் தெரியும் வட்ட வட்டக் கீறலெல்லாம் அதில் வந்ததுதான்.

போர் தண்ணில கழுவுனா வெள்ளை வெள்ளையாப் புள்ளி நிக்குது. (அவிநாசி)

தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலிருக்கிற கால்சியம் உப்பு பெயிண்டிலேயே தங்கிவிடுகிறது. வெயில் தாழ்ந்த பிறகு நிழலில் கழுவுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர், ஈரம் காயும் முன்னே துடைத்துவிடுங்கள். சில வீடுகளில் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று பிடித்து வண்டி கழுவுகிறார்கள். அதில் உப்பு இன்னும் ஜாஸ்தி. பழைய புள்ளிக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். பெயிண்டில் மட்டும், அலுமினியத்தில் வேண்டாம்.

துணி சோப்புத்தூள் போதாதா?

காரம் அதிகம், வேண்டாம். பாத்திரம் கழுவும் லிக்விட் அழுக்கை எடுக்கும், பூசியிருக்கிற வேக்ஸையும் சேர்த்தே எடுக்கும். கார் ஷாம்பு ஏதாவது ஒன்று, பக்கெட்டுக்கு ஒரு மூடி.

மண்ணெண்ணெய் கிடைக்கறதில்லை. செயினுக்குப் பெட்ரோல் ஊத்தலாமுங்களா? (பொள்ளாச்சி)

கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம், ஓ-ரிங் செயினாக இருந்தால் அந்த ரப்பர் வளையங்களையும் பெட்ரோல் கெடுத்துவிடும். ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று போட்டிருக்கிற செயின் கிளீனர் வாங்கி, மெதுவான பிரஷ்ஷால் தேயுங்கள், கம்பி பிரஷ் ஆகாது. காய்ந்ததும் 90 கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். நிறைய விட்டால் உங்கள் பக்கத்து நார் மில் தூசி மொத்தமும் செயினில்தான் வந்து ஒட்டும். இதெல்லாம் சென்டர் ஸ்டாண்டில், இன்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். கியரில் ஓடவிட்டுத் துடைத்தால் போவது விரல்.

வாட்டர் வாஷ்ல டீசல் அடிச்சா பளபளன்னு இருக்கே?

இரண்டு நாள் இருக்கும். அப்புறம் அந்தப் பிசுக்கில் மண் ஒட்டும், ரப்பரும் கெடும். டீசல் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரஷர் கன்னை வீல் பேரிங், ஹேண்டில் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), சைலன்சர் வாய்க்கு நேராகப் பிடிக்கவும் விடாதீர்கள். டிஸ்க்கில் பாலிஷோ எண்ணெயோ ஒரு துளி படக்கூடாது, பிரேக் பிடிக்காது.

ஆயுத பூஜைக்கு வச்ச மஞ்சள் பொட்டு மேட் (பளபளப்பில்லாத) டேங்குல கறையாயிருச்சுங்க.

ஷாம்பு நீரில் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, அழுத்தாமல் ஒத்தி எடுங்கள், ஒரே தடவையில் போகாது. அடுத்த முறை பொட்டை ஹேண்டில்பாரில் வைத்துக்கொள்ளலாம். கறை போகவில்லையே என்று பாலிஷ், காம்பவுண்ட் எதையும் தேய்த்துவிடாதீர்கள். மேட் பெயிண்டில் தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும், அதைச் சரிசெய்ய டேங்கை மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது.