பொண்ணு சென்சார் நெட்வொர்க் ப்ராஜெக்ட் எடுக்கறேங்கறா, வேலை கிடைக்குமா சார்?

சார், பொண்ணு ஈசிஇ மூணாம் வருஷம் படிக்கறா, ஃபைனல் இயருக்கு ஒயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்ல பேட்டரி மிச்சம் பண்ற கவரேஜ்னு ஏதோ எடுக்கப் போறாளாம், இதுக்கு வேலை கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. கிடைக்கும் சார், ஆனா அவ அதை எப்படிப் பண்றாங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

விஷயம் இதுதான். மலையிலயோ காட்டுலயோ நிறைய குட்டி சென்சார் போட்டு வைப்பாங்க, பல சமயம் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு டபுள் ஏ பேட்டரிதான், தீர்ந்தா அடிக்கடி போய் மாத்திட்டிருக்க முடியாது. டெலாஸ்பின்னு ஒரு சென்சார் போர்டு, அதோட ரேடியோ சும்மா கேட்டுட்டு இருந்தாலே 19 மில்லிஆம்ப் கிட்ட இழுக்கும், 2500 எம்ஏஹெச் பேட்டரி ஒரு வாரம்கூட தாங்காது. அதனால ஒரே இடத்தைப் பாக்கற சென்சார்ல சிலதைத் தூங்க வச்சு சிலதை முழிக்க வச்சு வாட்ச்மேன் ஷிஃப்ட் மாதிரி மாத்தி மாத்தி ஓட்டணும், எந்த மூலையும் விட்டுப் போகக்கூடாது. ரேடியோ எட்டற தூரம் சென்சார் பாக்கற தூரத்தைவிட ரெண்டு மடங்காவது இருந்தா, இடம் முழுக்க கவர் ஆனாலே தொடர்பும் அறாதுன்னு 2003லயே நிரூபிச்சிருக்காங்க. வெறும் பேப்பர் சமாச்சாரமும் இல்ல, அமெரிக்காவுல மெய்ன் பக்கம் கிரேட் டக் தீவுல 2002ல பறவை வளைக்குள்ளயே சென்சார் வச்சாங்க, நம்ம பக்கம் மூணாறு அந்தோணியார் காலனில நிலச்சரிவு எச்சரிக்கைக்கு அம்ரிதா யுனிவர்சிட்டி போட்டிருக்காங்க.

கவரேஜ் தெரிஞ்ச ஆள் வேணும்னு யாரும் விளம்பரம் போட மாட்டாங்க. ஆனா ஐஓடி (நெட்ல இணைச்ச பொருள்கள்), ஸ்மார்ட் மீட்டர், கையில கட்டற ஹெல்த் பேண்ட் பண்ற இடத்துல எல்லாம் ஃபர்ம்வேருக்கு, அதாவது சிப்புக்குள்ள ஓடற ப்ரோக்ராம் எழுத, ஆள் எடுக்கறப்ப பேட்டரியை எப்படி ரொம்ப நாள் ஓட்டுவேன்னு கேப்பாங்க, அங்கதான் இவ படிச்சது நிக்கும்.

காசு குடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கறது மட்டும் வேண்டவே வேண்டாம் சார், இன்டர்வியூல ரெண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துடும். கூஜான்னு (Cooja) சென்சார் நெட்வொர்க்கை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்கற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சிமுலேஷன் பண்ணட்டும், கிராஃபோட நிறுத்தாம வைஃபை உள்ள இஎஸ்பி32ங்கற குட்டி போர்டு நாலு வாங்கி நிஜமா ஓட்டட்டும். டீப் ஸ்லீப்ல, அதாவது சிப் ஆழ்ந்து தூங்கறப்ப, 10 மைக்ரோஆம்ப்னு கம்பெனி குடுக்கற டேட்டாஷீட்ல இருக்கும், ஆனா மீட்டரை வச்சா பல போர்டுல மில்லிஆம்ப் கணக்குல காட்டும், ஏன்னா சிப் தூங்கினாலும் பவர் எல்இடி, யூஎஸ்பி சிப், ரெகுலேட்டர் எல்லாம் தூங்காது. அதை அவளே தேடிக் கண்டுபிடிச்சா போதும், அதை வச்சே இன்டர்வியூல நல்லா பேசிடுவா. சி லாங்குவேஜ் நல்லா வரணும், பைத்தான் மட்டும் பத்தாது. ஐஐடிக்காரங்க நடத்தற ஆன்லைன் பாடத் தளம் என்பிடெல்ல ஐஐடி கரக்பூர் சுதீப் மிஸ்ரா சார் கோர்ஸ் ஃப்ரீயாவே பாக்கலாம்.

கேம்பஸ்ல ஐடி கம்பெனி வந்தா அதையும் எழுதட்டும், தப்பே இல்ல. போர்டு, மீட்டர் வாங்க காசு கேட்டா யோசிக்காம குடுங்க. செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்குள்ள கைடைப் பாத்து ஹார்டுவேரும் உண்டுன்னு அப்ரூவல் வாங்கிடச் சொல்லுங்க, பின்னாடி மாத்தறது ரொம்ப கஷ்டம்.