ஆச்சி பதில்கள்: சத்தம் கேட்காத சண்டை

வங்கியின் கணினித் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் வசிக்கும் ஆச்சி, வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சைபர் போர், அதாவது நாடுகள் கணினி வழியாகப் போடும் சண்டை பற்றியவை. அதனால் சமையல், சீர்வரிசைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம்.

கேள்வி: இருந்த இடத்தில் இருந்தே ஒரு நாடு இன்னொரு நாட்டின் கரண்டை நிறுத்திவிடும் என்கிறார்களே, நடக்கிற காரியமா ஆச்சி, சினிமாக் கதையா?
(தேவகோட்டை வாசகர்)

நடந்து பல வருஷம் ஆயிற்று. 2015 டிசம்பர் 23, மேற்கு உக்ரைன். ஒரு மின் விநியோக நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் இருந்த ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒரு சப் ஸ்டேஷனின் பிரேக்கரை (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்தது, ‘நிச்சயமா?’ என்று கேட்ட பெட்டியிலும் அதுவே அழுத்தியது. இவர் மவுஸைப் பிடித்து இழுக்கிறார், கேட்கவில்லை. அப்புறம் அவரை வெளியே தள்ளிப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். மூன்று நிறுவனங்கள், சுமார் 2,25,000 இணைப்புகள், கடும் குளிர் காலம். புகார் சொல்லவும் வழியில்லாதபடி கால் சென்டருக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டினார்கள்.

உள்ளே நுழைந்தது அன்றைக்கு இல்லை. பல மாதம் முன்பே ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. திறந்ததும் ‘மேக்ரோவை (கோப்புக்குள் இருந்து தானாக ஓடும் கட்டளைகள்) அனுமதிக்கவும்’ என்று கேட்டது. யாரோ அனுமதித்தார்கள். அவ்வளவுதான், அதன் பிறகு உள்ளே உட்கார்ந்து நிதானமாக வேலை கற்றுக்கொண்டார்கள்.

சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது எப்படித் தெரியுமா? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சப் ஸ்டேஷனாகப் போய்க் கையால் சுவிட்ச் போட்டார்கள். பழைய சாதனங்கள், கையால் இயக்கும் வசதி இருந்தது, இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தார். நான் வேலையில் இருந்தபோது ‘கையால் செய்யும் வழி ஒன்று இருக்கட்டும்’ என்று தணிக்கைக் குறிப்பு எழுதினால் சின்னப் பசங்கள் சிரிப்பார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கியபோது, இரண்டு வாரம் போல அங்கே நோயாளிச் சீட்டு எல்லாம் பேனாவால்தான் எழுதினார்கள்.

கேள்வி: இணையமே இல்லாத கணினிக்குள் வைரஸ் எப்படிப் போகும்? நம் கூடங்குளத்துக்கும் வந்ததாகச் சொன்னார்களே?
(கல்லூரி மாணவி, பள்ளத்தூர்)

பென் டிரைவில் போகும், கண்ணு. ஈரானின் நடான்ஸ் யுரேனியம் ஆலைக்குள் போன ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸை 2010இல் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்த சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்து, யுரேனியத்தைச் சுழற்றும் இயந்திரங்களின் வேகத்தை ஏற்றி இறக்கி உடைய வைத்தது. சுமார் 1,000 இயந்திரங்கள் பாழாகியிருக்கும் என்று கணக்கு. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த வேலை என்று பரவலாகச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதில்லை.

இயந்திரம் உடைந்ததைவிட எனக்குப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உடைந்துகொண்டிருந்த நேரம் முழுக்கத் திரையில் நல்ல அளவுகளே ஓடின. முன்பே பதிவு செய்து வைத்த அளவுகள். பொறியாளர் மீட்டரைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. கணக்கு சரியாக இருக்கிறது, பெட்டியில் பணம் இல்லை என்கிற ரகம். தணிக்கைக்காரிக்குக் கெட்ட கனவு என்றால் இதுதான்.

கூடங்குளத்தில் 2019 செப்டம்பரில் தெரிய வந்தது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினியில் இருந்த கெட்ட மென்பொருள். உலையை இயக்கும் அமைப்பு தனி. அதுவரை சரி. ஆனால் செய்தி வெளியே வந்ததும் ‘தாக்குதலுக்கே வாய்ப்பில்லை’ என்று ஒரு அறிக்கை, மறுநாள் அக்டோபர் 30 அன்று ‘ஆமாம், இருந்தது’ என்று இன்னொன்று. உலைக்கு ஆபத்து இல்லை என்பதை நான் நம்புகிறேன். முதல் அறிக்கையை எழுதிய கையைத்தான் பிடித்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: நாடுகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வங்கியில் நான் போட்ட பணத்துக்கு என்ன ஆகும்?
(காரைக்குடி வணிகர்)

நம் ஊர்க் கேள்வி! கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேசத்தின் மத்திய வங்கி, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் கிளையில் வைத்திருந்த கணக்கில் இருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95 கோடி டாலருக்கு மேல். நாளைத் தேர்ந்தெடுத்த அழகைப் பாருங்கள். டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. பணம் போய்ச் சேரும் மணிலாவில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் விழிக்கும்போது மற்றவர் கடை சாத்தியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை டாக்கா அலுவலகத்துக்கு வந்தவர்கள் கண்டது, ஸ்விஃப்ட் (வங்கிகள் தங்களுக்குள் பண உத்தரவு அனுப்பும் வலையமைப்பு) பரிமாற்றங்களை அச்சடிக்கும் பிரின்டர் வேலை செய்யவில்லை. பிரின்டர்தானே, எப்போதும் மக்கர் செய்வதுதானே என்று நினைத்தார்கள். அதைச் சரிசெய்த பிறகுதான், ‘இந்த உத்தரவுகள் உங்களுடையவைதானா’ என்று நியூயார்க் கேட்ட கேள்விகள் தாளில் வந்து விழுந்தன.

பெரும்பாலான உத்தரவுகளை நியூயார்க் நிறுத்திவிட்டது. மீதியில் ஒரு பகுதியைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் உத்தரவில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை ‘ஃபன்டேஷன்’ என்று தப்பாக அடித்திருந்தார்கள். இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தியது. 8.1 கோடி டாலர் மட்டும் மணிலா போய், சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. வட கொரிய அரசுக்காக வேலை செய்ததாக ஒருவர்மீது 2018இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. திருடியது தனிக் கும்பல் இல்லை, ஒரு நாடு என்பதால்தான் இதைப் போர்க் கணக்கில் சேர்க்கிறேன்.

எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக இருந்து மேலாள் ஆனவர். சிட்டையும் பேரேடும் ஒத்து வராமல் கடையைச் சாத்தமாட்டார்களாம், அப்பத்தா சொல்லும். ஒரு பைசா இடித்தாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். டாக்காவில் அந்த வெள்ளிக்கிழமை அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் பிரின்டரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்.

உங்கள் பணத்துக்கு வருகிறேன். உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் நடக்கும் மின்னணு மோசடியை, வங்கியின் செய்தி வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி போட்டது. ஆகவே வங்கி எஸ்.எம்.எஸ்.ஸைப் படியுங்கள். மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பதியுங்கள். இதற்கு மேல் வணிகருக்கு நான் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: ஆத்தங்குடி வீட்டைப் பூட்டி சிசிடிவி வைத்திருக்கிறேன். இங்கிருந்தே போனில் பார்க்கிறேன். இதற்கும் போருக்கும் சம்பந்தம் உண்டா ஆச்சி?
(சிங்கப்பூர் வாசகர்)

உண்டு தம்பி. உங்களுக்கு வளவு (வீட்டின் உள்பகுதி) தெரிகிறது, இன்னும் யாருக்குத் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு விளக்கேற்றப் போயிருந்தேன். பட்டாலையில் கேமராப் பதிவுப் பெட்டி. அதன் தலையில் மாட்டியவர் பேனாவால் எழுதி ஒட்டிய தாள்: யூசர் அட்மின், பாஸ்வேர்டு 12345. தேக்குக் கதவுக்கு ஒரு முழச் சாவி, கேமராவுக்கு இது.

2016இல் மிராய் என்ற நிரல் இப்படிக் கம்பெனி பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கச் சேர்த்து ஒரு படையாக்கியது. அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திறக்காமல் செய்தது. மிராயை எழுதியவர்கள் இளைஞர்கள், எந்த அரசும் இல்லை. அரசு செய்தால்? 2024 ஜனவரியில் கீவ் நகரக் குடியிருப்புகளில் இருந்த இரண்டு கேமராக்களை ரஷ்யா கைப்பற்றி, வான் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று நோட்டம் பார்த்ததாக உக்ரைன் உளவுத் துறை சொன்னது. யாரோ பால்கனியில் மாட்டிய கேமரா, ஏவுகணைக்குக் கண்ணாகிவிட்டது.

பாஸ்வேர்டை மாற்றுங்கள், மாட்டியவரிடம் விடாமல் நீங்களே மாற்றுங்கள். அப்டேட் வராத பழைய பெட்டி என்றால் இணையத்தில் இருந்து கழற்றுங்கள். வாசலில் காவல் இருக்கும் அண்ணனுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போகட்டும், அவரை யாரும் ஹேக் செய்ய முடியாது.

கேள்வி: அவன் அடித்தால் நாமும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே? ஏன் தயக்கம்?
(அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்)

யாரை? 2018இல் தென் கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது கணினிகளை முடக்கினார்கள். நிரலைப் பிரித்தால் வட கொரியாவின் கைரேகை. வேண்டுமென்றே பதித்த பொய்க் கைரேகை அது. 2020இல் ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள்மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. அன்றைக்கே கோபப்பட்டு வட கொரியாவை அடித்திருந்தால்? இங்கேயும் பாருங்கள், 2020 அக்டோபர் 12 மும்பை மின்தடைக்குச் சதி காரணம் என்றது மாநில அரசு, மனிதத் தவறு என்றது மத்திய அரசு.

சரி, ஆள் தெரிந்தே அடித்தாலும் அடி எங்கே விழும் என்பது கையில் இல்லை. 2017 ஜூன் 27இல் உக்ரைன் கம்பெனிகள் வரிக்கணக்குக்கு வைத்திருந்த மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற கெட்ட மென்பொருளை விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கூரைக்கு வைத்த தீ காற்றில் பறந்தது போல, டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியைப் பிடித்து, நம் மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுக முனையத்தில் கன்டெய்னர்களை நிறுத்திவிட்டது. மேர்ஸ்க்கின் முக்கியமான பதிவுகள் எல்லா ஊரிலும் அழிந்தன, கானா நாட்டு அலுவலகத்தில் தவிர. அங்கே அந்த நேரம் கரண்ட் இல்லை! மின்தடையால் பிழைத்த அந்தப் பிரதியை வைத்துத்தான் முழுக் கம்பெனியையும் எழுப்பினார்கள். ரஷ்யாதான் செய்தது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்ல, ரஷ்யா மறுத்தது.

ஆலைக்காரர் என்பதால் இன்னொன்று. மெர்க் என்ற மருந்துக் கம்பெனி நாட்பெட்யா நஷ்டத்துக்குக் காப்பீடு கேட்டபோது, ‘இது போர்ச் செயல், போருக்குப் பாலிசி கிடையாது’ என்று கையை விரித்தார்கள். நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் மெர்க் பக்கம் நின்றன. இதற்கிடையே லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை விழித்துக்கொண்டு, அரசுகள் நடத்தும் சைபர் தாக்குதலைத் தனி சைபர் பாலிசிகளில் விலக்கி எழுதச் சொல்லிவிட்டது. உங்கள் பாலிசியில் விலக்குப் பகுதியைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

கேள்வி: 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் சண்டையின்போது ஏ.டி.எம். எல்லாம் மூடப்படும் என்று வாட்ஸ்அப்பில் வந்து அடித்துப் பிடித்து ஓடினோம். இனி வந்தால்?
(கோட்டையூர் வாசகி)

அன்றைக்கே மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அது பொய் என்று சொல்லிவிட்டது. உங்களைப் போலப் பலர் ஓடினீர்கள், ஏ.டி.எம். காலியாவது இப்படி ஓடுவதால்தான். எதிரி செலவில்லாமல் செய்யும் வேலை இது. வீட்டில் ஒரு வாரச் செலவுக்குப் பணம், அவசர போன் எண்களும் மருந்துப் பெயர்களும் எழுதிய ஒரு தாள், இரண்டும் எப்போதும் இருக்கட்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறக்காதீர்கள், நம் ஊரில் பத்திரிகை வைக்க நேரில்தான் வருவார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் பாஸ்வேர்டுக்கு எத்தனை எழுத்து ஆச்சி?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி)

அடுத்த மாதம் முதல் எழுத்து என்ன என்று கேட்பீர்கள். அதற்கு அடுத்த மாதம் என் முதல் பள்ளிக்கூடம், வளர்த்த நாயின் பெயர். பெயர் வெளியிட விரும்பாதவர்களுக்குப் பதிலும் வெளியிடுவதில்லை.