வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க: தார் பாலைவன சோலார் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பாலைவன சோலார் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கேள்விகள நிதானமா படிச்சேன். எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் போட இடம் பத்தாது, அதனால ஒண்ணோட ஒண்ணு தொடர்பா இருக்கிற அஞ்சு கேள்விய எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணா வணக்கம். எலக்ட்ரிகல் முடிச்சிட்டு ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில சைட் இன்ஜினியரா இருக்கேன், ராஜஸ்தான்ல பலோடி பக்கம் போஸ்டிங். சுத்திப் பாத்தா மணலும் முள்ளுச்செடியும்தான், ஒரு வீடு கூட கண்ணுக்கு தெரியல. ஆனா வேலை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஆடு மேய்க்கிறவங்க கேட்டுக்கு வந்து தகராறு பண்றாங்க. நிலம் அரசாங்கத்தோடது, பேப்பர் எல்லாம் பக்கா. அப்புறம் எதுக்கு சண்டை?

தம்பி, பேப்பர் பக்காவா இருக்கிறதுதான் அவங்களுக்கு பிரச்சனையே. நம்ம ஊர்ல புறம்போக்கு, மேய்ச்சக்கால்னு சொல்றோம்ல, யார் பேர்லயும் பட்டா இருக்காது, ஆனா ஊரு மாடு மொத்தமும் அங்கதான் மேயும், அந்த மாதிரி நிலம்தான் அங்க பெரும்பாலும். ரெவின்யூ ரெக்கார்டுல அது அரசு தரிசு. ராஜஸ்தான்ல புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு அரசு நிலம் ஒதுக்குறதுக்குன்னே 2007ல விதிகள் போட்டாச்சு, அதன்படி ஒதுக்கீடு ஆகும், ஃபென்சிங் விழும். பட்டா உள்ளவனுக்காவது பேரம் பேச ஒரு காகிதம் இருக்கு. தாத்தா காலத்துல இருந்து ஆடு ஓட்டிட்டுப் போனவன் கையில என்ன இருக்கு சொல்லு.

அதுலயும் 'ஓரண்'னு ஒண்ணு உண்டு, உன் சைட் பக்கத்துல இருக்கான்னு விசாரி. கோயில் சாமி பேர்ல விட்ட காடு, உள்ள மரம் வெட்ட மாட்டாங்க, ஆடு மாடு ஒட்டகம் மேயலாம், குளம் கிணறு இருக்கும். தமிழ்நாட்டு கோயில்காடு மாதிரியேதான். இதுல பல இடம் ரெக்கார்டுல ஓரண்னே பதிவாகாம வெறும் தரிசா கிடக்கு, அதனாலதான் ஜெய்சல்மேர் பக்கம் வருஷக்கணக்கா போராடுறாங்க. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ராஜஸ்தான் அரசுகிட்ட இந்த ஓரண்கள கணக்கெடுத்து காடுன்னு வகைப்படுத்த சொல்லியிருக்கு.

இன்னொரு விஷயம் இங்க பலருக்கு தெரியாது. ஒரு அனல்மின் நிலையம் வந்தா கருத்துக்கேட்பு கூட்டம் நடக்கும்ல, கலெக்டர் உக்காந்திருப்பார், மீனவர் எந்திரிச்சு பேசுவார், விவசாயி பேசுவார், அது கடமைக்கு நடந்தாலும் எல்லாம் பதிவாகும். சோலார் பேனல் திட்டத்துக்கு அது கிடையாது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில அந்த அனுமதி வாங்க வேண்டிய லிஸ்ட்லயே சோலார் இல்ல, ரெண்டாயிரம் மெகாவாட்டா இருந்தாலும் சரி. புகை இல்லாத தொழில்னு விலக்கு கொடுத்தது சரியான எண்ணம்தான், ஆனா அந்த விலக்கோட சேர்ந்து மக்கள் பேசுற அந்த ஒரு நாளும் போயிடுச்சு. அப்போ அவங்க எங்க வந்து பேசுவாங்க? உன் கேட்டுலதான் தம்பி.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் போயிருந்தப்போ ஒரு பெரியவர பாத்தேன், அம்பது அறுபது ஆடு இருக்கும், கம்பி வேலிய ஒட்டியே நடந்துட்டு இருந்தார். முன்னாடி நேரா கிணத்துக்குப் போன ஆடுங்க, பழக்கத்துல பாதை இருந்த அதே இடத்துல வந்து நிக்குது, மூக்க வலைக்கம்பில வெச்சு உள்ள பாக்குது, அவர் தடியால மெதுவா தட்டி திருப்புறார், மறுபடி ஒரு ஆடு திரும்பி வந்து அங்கயே நிக்குது. வேலி எங்க முடியுதோ அதுவரைக்கும் நடந்து சுத்தித்தான் தண்ணிக்குப் போகணும். மே மாசம் வேற. அவர் திட்டல, அழல, இதுல வழி எங்க விட்டிருக்காங்கன்னு மட்டும்தான் என்கூட வந்தவர்கிட்ட கேட்டார். அப்படி ஒரு வழி விடவே இல்ல.

ஒரு வீடு கூட தெரியலன்னு எழுதியிருக்க. தார் பாலைவனத்த உலகத்துலயே ஜனம் நெருக்கமா வாழுற பாலைவனம்னு சொல்வாங்க. அங்க வீடுகள் 'டாணி'ன்னு தள்ளித்தள்ளி நாலஞ்சு குடும்பமா இருக்கும், ரோட்டுல இருந்து பாத்தா தெரியாது.

கேள்வி: வெயில் அதிகமா இருந்தா கரண்ட் அதிகமா வரும்தானே சார்? அதனாலதானே பாலைவனம்?

வெளிச்சம் அதிகமா இருந்தா வரும், சூடு அதிகமா இருந்தா குறையும். பேனல் மேல போட்டிருக்கிற வாட் கணக்கு உள்ள இருக்கிற சோலார் செல்லோட சூடு 25 டிகிரில அளந்தது, அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.35ல இருந்து 0.4 சதவீதம் இறங்கும். மதியம் செல் 65 டிகிரிக்குப் போச்சுன்னா நூறு வாட் பேனல் 85 பக்கம்தான் கொடுக்கும். பலோடில 2016 மே 19ஆம் தேதி 51 டிகிரி பதிவாச்சு, இந்தியாவுலயே ரெக்கார்டு அப்போ. ஆனாலும் மேகமே இல்லாத நாட்கள் வருஷம் பூரா அவ்வளவு இருக்கிறதால மொத்த கணக்குல பாலைவனம்தான் ஜெயிக்கும்.

கேள்வி: குடிக்கவே தண்ணி இல்லாத இடத்துல பேனல் கழுவ தண்ணி எங்கிருந்து வருது? இத யாரும் கேக்க மாட்டேங்கிறாங்களே!

நல்லா கேட்டீங்கம்மா. 'ஆந்தி'ன்னு மணல்காத்து ஒரு தடவை அடிச்சா போதும், பேனல் மேல மைதா மாதிரி ஒரு படலம் உக்காந்துடும், விரல வெச்சு இழுத்தா கோடு விழும். அத விட்டா உற்பத்தி நாளுக்கு நாள் இறங்கும், அதனால கழுவியே ஆகணும். நீங்களே கணக்கு போடுங்க, ஒரு மெகாவாட்டுக்கு ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரம் பேனல், ஒரு பேனலுக்கு ரெண்டு லிட்டர்னு குறைச்சலாவே வெச்சாலும் ஒரு தடவைக்கு நாலாயிரத்துல இருந்து ஆறாயிரம் லிட்டர். பலோடி பக்கத்துல இருக்கிற பட்லா சோலார் பார்க் 2,245 மெகாவாட், சுமார் 14,000 ஏக்கர். அங்க எல்லா பேனலையும் தண்ணில ஒரு சுத்து கழுவுனா கோடி லிட்டர் பக்கம் வந்துடும். அதுவும் உப்புத்தண்ணி ஆகாது, காஞ்சதும் வெள்ளை வெள்ளையா திட்டு விழும், நல்ல தண்ணிதான் வேணும், அதே தண்ணிக்குத்தான் ஊரும் காத்திருக்கு. வெயில் ஏறுன கண்ணாடி மேல தண்ணி ஊத்துனா விரிசல் விடும்னு விடியறதுக்கு முன்னாடியோ ராத்திரியோதான் கழுவுவாங்க.

இதுக்கு வழி இருக்கு. பிரஷ் வெச்ச ரோபோ தண்ணியே இல்லாம வரிசை வரிசையா துடைச்சிட்டுப் போகும், பட்லாலயே பல இடத்துல ஓடுது. முதல்ல காசு கூட ஆகும், ஆனா பாலைவனத்துல டெண்டர் விடும்போதே தண்ணி இல்லாத சுத்தம்தான்னு கட்டாயமா போடணும்னு நான் சொல்வேன். மொராக்கோல வர்சாசாத் பக்கம் நூர் திட்டம், அது பேனல் இல்ல, கண்ணாடில வெயில குவிச்சு ஆவி உண்டாக்கி கரண்ட் எடுக்கிற முறை, அதுல முதல் பிளான்ட்டுக்கு ஆவிய குளிர வைக்க அணைத் தண்ணி எடுத்தாங்க, அங்கயும் வறட்சி பூமிதான், அடுத்த ரெண்டு பிளான்ட்டுக்கும் காத்துல குளிர வைக்கிற முறைக்கு மாறிட்டாங்க. மனசு வெச்சா மாறலாம்.

கேள்வி: கானமயில் அழியுது, வன்னிமரம் வெட்டுறாங்கன்னு படிச்சேன். சோலார் நல்லதுன்னுதானே இவ்வளவு நாள் சொன்னாங்க, இப்போ எத நம்புறது?

ரெண்டுமே உண்மை. கானமயில் பதினஞ்சு கிலோ வரைக்கும் வளருற பறவை, கண்ணு பக்கவாட்டுல இருக்கிறதால சோலார் கரண்ட கொண்டு போற கம்பி நேர் எதிர்ல இருந்தா சரியா தெரியாது, தெரிஞ்சாலும் அவ்வளவு கனத்த உடம்ப சட்டுனு திருப்ப முடியாது. வழக்கமா ஒரு முட்டைதான் போடும். மிச்சம் இருக்கிறதே இருநூறுக்கும் கீழ, பெரும்பகுதி ஜெய்சல்மேர் பக்கம். வன உயிர் ஆர்வலர் எம்.கே. ரஞ்சித்சிங் போட்ட வழக்குல 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு லைன பூமிக்கு அடில போடச் சொல்லுச்சு, 2024 மார்ச்சுல அத தளர்த்தி நிபுணர் குழு போட்டுச்சு, அதே தீர்ப்புலதான் பருவநிலை மாற்றத்தோட பாதிப்புல இருந்து பாதுகாப்பும் மக்களோட உரிமைன்னு சொன்னாங்க. ஒரே தீர்ப்புல ரெண்டு நியாயமும் எதிரெதிரா நிக்குது பாருங்க.

வன்னிமரம் நம்ம விருத்தாசலம் கோயில்ல தலவிருட்சம், ராஜஸ்தான்ல மாநில மரமே அதுதான், கேஜ்ரின்னு சொல்வாங்க. இலை ஆட்டுக்கு தீவனம், காய் சமையலுக்கு, வேர் ஆழமா போறதால பஞ்சத்துலயும் பச்சையா நிக்கும். 1730ல கேஜர்லி ஊர்ல அம்ரிதா தேவியோட 363 பிஷ்னோய் மக்கள் இந்த மரத்த கட்டிப்பிடிச்சு உயிர விட்டாங்க. அந்த மண்ணுல, பிகானேர் பக்கம், பேனலுக்காக ராத்திரியோட ராத்திரியா மரம் வெட்டப்படுதுன்னு சமீப வருஷங்கள்ல ஜனங்க தர்ணால உக்காந்தாங்க. வயசான வன்னி நிக்கிற இடத்த விட்டுட்டு லேஅவுட் போட முடியாதா? நிழல் விழும், நாலு வரிசை குறையும், அவ்வளவுதானே.

கேள்வி: நிலத்த வித்துடுறது நல்லதா, குத்தகைக்கு விடுறதா? உள்ளூர்காரனுக்கு உண்மையில என்னதான் கிடைக்குது?

நிலம் உங்க பேர்ல இருந்தா குத்தகைதான், யோசிக்கவே வேணாம். கர்நாடகால பாவகடா பாலைவனம் இல்ல, ஆனா வறட்சி தாலுகா, அங்க 2,050 மெகாவாட்டுக்கு 13,000 ஏக்கர விலைக்கு வாங்காம குத்தகைக்கு எடுத்தாங்க, ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை 5 சதவீதம் ஏறும். நிலம் வெச்சிருந்தவங்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனா அந்த நிலத்துல கூலிக்கு களை எடுத்தவங்களுக்கு அந்தக் கையெழுத்துல பங்கே இல்ல, வேலையும் போச்சு, குத்தகைப் பணமும் இல்ல. தார்ல ஆடு மேய்க்கிறவர் நிலமையும் இதேதான்.

வேலை வாய்ப்புன்னு சொல்றது கட்டுற வரைக்கும்தான். குழி தோண்ட, ஸ்டாண்டு நிறுத்த, பேனல் தூக்க ஆயிரக்கணக்குல ஆள் வேணும், ஒன்றரை வருஷம் ஊரே பரபரப்பா இருக்கும், டீக்கடை வரும். முடிஞ்சதும் வாட்ச்மேன், கழுவுறவங்க, புல் வெட்டுறவங்க, கொஞ்சம் டெக்னீஷியன். கரண்டும் ஊருக்கு நேரா வராது, 400 கேவி, 765 கேவி உயர் அழுத்த லைன்ல ஏறி வேற மாநிலத்துக்குப் போயிடும், பக்கத்து டாணி வழக்கம்போல டிஸ்காம், அதாவது மின் விநியோக கம்பெனி லைன நம்பி இருக்கணும். 2017ல பட்லா ஏலத்துல யூனிட் 2.44 ரூபாய்க்கு போச்சு, நாடே கொண்டாடுச்சு, நானும் சந்தோஷப்பட்டு எழுதினேன். அந்த 2.44க்குள்ள மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு பைசா கூட இல்லைங்கிறது எனக்கு அங்க போய் பாத்தப்புறம்தான் உறைச்சுது.

வேற மாதிரியும் செய்யலாம். சீனாவுல சிங்ஹாய் மாகாணத்து பாலைவன சோலார் பார்க்குல பேனல் நிழல்லயும் கழுவுற தண்ணிலயும் புல் முளைச்சுது, வெட்டி மாளல, கடைசில பக்கத்து ஊர் ஆடுகளயே உள்ள விட்டாங்க, அப்புறம் ஆடு நுழையுற உயரத்துக்கு ஸ்டாண்டையும் ஏத்திட்டாங்க. அவ்வளவு தூரம் போகவேணாம், ஜோத்பூர்லயே மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்துல 105 கிலோவாட் வெச்சு பேனல் வரிசைக்கு நடுவுல பாசிப்பயறு போட்டு, பேனல்ல விழுற மழைத்தண்ணியையும் பிடிச்சுக் காட்டியிருக்காங்க. 2019ல மத்திய அரசு கொண்டு வந்த பிஎம் குசும் திட்டத்துல விவசாயியே தன் நிலத்துல 500 கிலோவாட்ல இருந்து 2 மெகாவாட் வரைக்கும் போடலாம், பக்கத்து சப்ஸ்டேஷனுக்கே கரண்ட் போகும். பெரிய பார்க் வேணாம்னு நான் சொல்லல, நிலக்கரிய விட நூறு மடங்கு மேல். ஆனா வேலிக்கு முன்னாடி ஊர் கூட்டம் ஒண்ணு போட சட்டம் சொல்லலன்னாலும் கம்பெனி போடலாம், யாரும் தடுக்கல.

பலோடி தம்பிக்கு இன்னும் ஒண்ணு. உன் கையில டெண்டரும் இல்ல, பாலிசியும் இல்ல, ஆனா சைட் டிராயிங் இருக்கு. அங்க 'கடீன்'னு ஒரு ஏற்பாடு உண்டு, மேட்டுல பெய்யுற மழைத்தண்ணிய நீளமா மண்கரை கட்டி பள்ளத்துல தேக்கி, அது வத்துனதும் அந்த ஈரத்துலயே கோதுமை, கொண்டைக்கடலை போடுவாங்க. பல நூறு வருஷ பழக்கம். அந்த மேடு வெறும் கல்லாங்காடு மாதிரிதான் தெரியும், நீங்க ஜேசிபி விட்டு சமப்படுத்தி ரோடு போட்டா கீழ இருக்கிற வயலுக்கு ஒரு சொட்டு இறங்காது, ஏரிக்கு வரத்துக் கால்வாய அடைக்கிற மாதிரிதான் அதுவும். தகராறு பண்ண வந்தவங்கள்ல வயசானவரா ஒருத்தர கூட்டிக்கிட்டு, டிராயிங்க கையில வெச்சுக்கிட்டு, தண்ணி எந்த வழியா வரும், ஆடு எந்த வழியா போகும்னு ரெண்டையும் நடந்து குறிச்சுக்க. வேலில பத்தடி திறப்பு விடுறதுக்கும் ரோட்டுக்கு அடில ரெண்டு பைப் போடுறதுக்கும் உங்க மேனேஜர் ஒத்துக்குவார்னுதான் நினைக்கிறேன். அங்க மழை ஜூலைலதான் வரும், அதுக்குள்ள முடிச்சிடு, என்ன ஆச்சுன்னு எனக்கு எழுது.