அச்சிட்ட துணியையும் பாத்திக் என்று விற்கிறார்களே, உண்மையான ஜாவா பாத்திக் எது? இன்றைய உடைகளில் அதற்கு இடம் உண்டா?

உருக்கிய மெழுகால் சாயம் ஏறக்கூடாத இடங்களை மறைத்து, துணியைச் சாயத்தில் முக்கி, பின்னர் வெந்நீரில் மெழுகை நீக்கி எடுப்பதே பாத்திக். மெழுகே படாமல் எந்திரத்தில் அச்சிட்டது, கோலம் எவ்வளவு ஒத்திருந்தாலும், பாத்திக் ஆகாது. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் சாந்திங் எனப்படும், சிறு செம்புக் கிண்ணமும் மெல்லிய மூக்கும் கொண்ட கருவியால் மெழுகுக் கோடுகளை வரைவார்கள். அவுரி நீலத்துக்கு ஒருமுறை, சோகா மரப்பட்டைப் பழுப்புக்கு மறுமுறை என மெழுகிடல் திரும்பத் திரும்ப நடப்பதால், நுண்ணிய வேலைப்பாடுள்ள துணி முடிய மாதக்கணக்காகும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய, மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றும் செம்பு அச்சு இந்த உழைப்பைப் பெரிதும் குறைத்தது. அதிலும் மெழுகே பயன்படுவதால் அதைப் போலி என்று தள்ளுவது நியாயமன்று. வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள்: பின்புறம் வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் வெறும் அச்சுத்துணிதான்.

இன்றைய உடைகளில் அதற்கு இடம் உறுதியாகவே உண்டு. 1994இல் இந்தோனேசியாவின் போகோர் நகரில் கூடிய ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு) தலைவர்கள், இந்தோனேசிய வடிவமைப்பாளர் இவான் தீர்த்தா வடிவமைத்த பாத்திக் சட்டைகளை அணிந்தனர். 2009இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்த பின் இந்தோனேசிய அலுவலகங்களிலும் அது மேலும் பரவலாயிற்று. ஆனால் இடுப்பில் சுற்றும் நீள்துணிக்கென வரைந்த பாராங் போன்ற சாய்கோட்டுக் கோலத்தைக் கவனமின்றி நறுக்கித் தைத்தால், தையலில் கோடுகள் முறிந்துவிடும். ஆகவே உடையின் வெட்டை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப மெழுகு வரையச் செய்யும் வடிவமைப்பாளர்களின் வேலையே எனக்கு மேலானதாகப் படுகிறது.