ரத்தப் புற்றுநோய்க் கட்டிகளும் ஸ்கேனும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய்). 2 சைக்கிள் கீமோ முடிந்து எடுத்த பெட்-சிடி ரிப்போர்ட்டில் 'டோவில் 3' என்று போட்டிருக்கிறார்கள். நோய் மிச்சம் இருக்கிறதா சார்?

பதில்: பெரும்பாலும் நல்ல சேதிதான். பெட் ஸ்கேனுக்கு லேசான கதிரியக்கமுள்ள சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள்; நோய் அணுக்கள் அதை இழுத்து ஒளிரும். கட்டி இழுக்கும் அந்தச் சர்க்கரையை அவருடைய நெஞ்சுப் பெருங்குழாய் ரத்தத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டுப் போடும் எண் அது. 3 என்றால் ரத்தத்தைத் தாண்டியது, கல்லீரலைத் தாண்டாதது. 4 கல்லீரலை மிஞ்சியது. 5 வெகுவாக மிஞ்சியது, அல்லது புது இடத்தில் நோய் வந்தது. 'கட்டி இன்னும் 2 செ.மீ. இருக்கிறதே' என்று பதற வேண்டாம். நோய் செத்த பிறகும் தழும்பு நிற்கும்.

கேள்வி: கடைசி கீமோ முடிந்து பத்தே நாளில் பெட்-சிடிக்கு ஸ்லாட் கிடைக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கடைசி கீமோவுக்குப் பின் 6 முதல் 8 வாரம், கதிர்வீச்சு என்றால் 3 மாதம் பொறுங்கள். அதற்கு முன் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் ஒளிரும். வெள்ளணு ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி சமீபத்தில் போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்கச் சீராக மின்னும். ஊசி போட்ட தேதியைச் சென்டரில் சொல்லிவிடுங்கள். பல ரிப்போர்ட்டுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: அம்மாவுக்குச் சுகர். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு பெட் ஸ்கேனுக்குப் போகலாமா?

பதில்: டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். குறைந்தது 4 மணி நேரம் (பல இடங்களில் 6) வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சுகர் 200-க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள். அதை இறக்க ஸ்கேனுக்குச் சற்று முன் இன்சுலின் போட்டால் ஸ்கேன் மருந்தும் தசைக்குள் போய்விடும்: தொடையும் தோளும் பளிச்சென்று தெரியும், கட்டி மங்கிவிடும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை குடலை ஒளிர வைக்கும். 2 நாள் முன்பே நிறுத்தலாமா என்று கேளுங்கள். ஸ்கேன் மருந்து ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். ஏசி அறையில் நடுங்கினால் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிரும். லிம்ஃபோமா நெறிகட்டுவதும் அதே கழுத்தில்தான்.

கேள்வி: மைலோமாவுக்கு (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், போதாதா?

பதில்: போதாது. போன் ஸ்கேன் காட்டுவது புது எலும்பு கட்டப்படும் இடத்தை. மைலோமா எலும்பை அரிக்கும், கட்ட விடாது. குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முழு உடல் சிடி 5 மி.மீ. அரிப்பையும் பிடிக்கும். கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே முதுகுத்தண்டு எம்ஆர்ஐ.

கேள்வி: ஏஎம்எல் (ஒரு வகை தீவிர ரத்தப் புற்றுநோய்) சிகிச்சையில் இருக்கும் தம்பிக்குக் கண்குழிக்குள் கட்டி. சிடி மட்டும் போதுமா?

பதில்: ரத்தப் புற்று அணுக்களே திரண்ட குளோரோமாவாக இருக்கலாம். சிடியில் அது பக்கத்துத் தசையின் சாயலிலேயே தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐயில் முழுக் கட்டியும் ஒரே சீராக ஒளிர்ந்தால் குளோரோமா பக்கம், ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்ந்தால் சீழ்க்கட்டி பக்கம் சந்தேகம் சாயும். ஆனால் வெள்ளணு குறைந்தவர்களுக்கு சைனஸிலிருந்து பூஞ்சையும் அங்கே இறங்கும். குளோரோமாவுக்கும் பூஞ்சைக்கும் வைத்தியம் நேர் எதிர். படத்தை நம்பி முடிவெடுக்காமல் உடனே பயாப்ஸி (சிறு துண்டு சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) கேளுங்கள்.