கான்டனீஸ்ல ஆளை எடை போடுற வார்த்தைகள்: கேளுங்க, சொல்றேன்

ஹாங்காங்ல ஷாம் ஷுய் போங்கற ஏரியால ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைல வேலை, 11 வருஷம் ஆச்சு. இங்க பேசுற சீன பாஷைதான் கான்டனீஸ், அதைக் கத்துக்கிட்டதெல்லாம் கல்லாவுல நின்னு திட்டு வாங்கித்தான்.

கே: மறதிக்காரனை என்ன சொல்வாங்க?
ப: இது எனக்கே கெடச்ச பட்டம். தாய்-தாவ்-ஹா. தாய்னா நம்ம அம்மா இல்லங்க, பெருசுன்னு அர்த்தம், மொத்தத்துல பெரிய தலை இறால், தலை இருக்கு உள்ள சரக்கு இல்லன்னு வச்சுக்கங்க. ஒரு மழை நாள்ல டீக்கடைல குடையை வச்சுட்டு வந்துட்டேன், திரும்பி ஓடினா கடைக்கார அம்மா குடையை நீட்டிக்கிட்டே இதைச் சொல்லி சிரிச்சாங்க, மறுநாள் மொபைலை வச்சுட்டு வந்தேன், அப்போ சிரிக்கல.

கே: கஞ்சன்?
ப: கூ-ஹோன். முகத்துக்கு நேரா சொல்லிடாதீங்க.

கே: ஜால்ரா போடுறவனுக்கு?
ப: ச்சாட்-ஹாய், ஷூ துடைக்கிறதுன்னு அர்த்தம். மேனேஜர் போட்ட மொக்க ஜோக்குக்கு எவனாவது விழுந்து விழுந்து சிரிச்சா பக்கத்துல இருக்கறவன் கையால பாலிஷ் போடுற மாதிரி காட்டுவான், வாயே திறக்க வேணாம்.

கே: நான் மலேசியா, ஈப்போ. சீன ஃப்ரெண்டு எப்பப் பாரு என்னை 'ச்சி-சின்'ங்கிறான், கோவப்படணுமா அண்ணே?
ப: வயர் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம் தம்பி, ஃபோன் லைன் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுமே அது. நம்ம 'மறை கழண்ட கேஸ்'தான். ஃப்ரெண்டு சொன்னா விடுங்க, ரோட்ல முன்னப்பின்ன தெரியாத ஆள் சொன்னா அது சண்டை.

கே: உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவன்?
ப: அப்படியே இருக்கு! சிக் வுன் மின், ஃபான் வுன் தாய். கிண்ணத்துல மேல இருக்கறதை தின்னுட்டு கிண்ணத்தையே கவுக்கறவன். இது விளையாட்டுப் பேச்சு இல்ல, உறவே முறியும்.

கே: பிடிவாதம்?
ப: ஙாங்-கெங், விறைச்ச கழுத்து. ஸ்கூல்ல ங எழுத மட்டும் கத்துக்கிட்டோம், அதை வார்த்தைக்கு முன்னாடி வச்சு சொல்ல இங்க வந்துதான் பழகினேன். ஆனா இந்த ஊர் பசங்க நெறைய பேர் அந்த ங-வை முழுங்கிட்டு 'ஆங்-கெங்'ங்கறாங்க, பெருசுங்க அதைக் கேட்டா கடுப்பாவாங்க.

கே: நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.
ப: சூட்டிகையான பையனுக்கு சிங்-முக். எனக்கு பிடிச்சது 'செய்-மான் கம் ஹாவ்', நாப்பதாயிரம் மாதிரி வாய்னு அர்த்தம். மாஜாங்னு சீனக்காரங்க கட்டை வச்சு ஆடுற ஆட்டத்துல 40,000-ன்னு ஒரு கட்டை வரும், அதுல நாலுங்கற சீன எழுத்து பெட்டிக்குள்ள ரெண்டு கோடு போட்ட மாதிரி இருக்கும், பாத்தா பல்லெல்லாம் தெரிய இளிக்கிற வாயேதான். சம்பள நாள் அன்னிக்கு எங்க கடைல எல்லாருக்கும் அந்த வாய்தான்.