நீங்கள் வரைந்த ஓவியங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த கட்டிடம் எது? அதன் கதை என்ன?

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில், லீத் ஸ்திரீட்டில் இருக்கும் நீல மாளிகைதான். முறையான பெயர் சியோங் ஃபட் ட்ஸி மாளிகை. ஊரில் 'புளூ மேன்ஷன்' என்றால்தான் சட்டென்று புரியும்.

நீர்வண்ணத்தில் பழைய கட்டிடங்கள் வரைவது என் பொழுதுபோக்கு. இந்த வீட்டில் முதலில் படுத்துவது கோணம். வீடு சாலைக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் திரும்பி நிற்கும். முன்னால் கடல், பின்னால் மலை என்று ஃபெங் சுயி (சீனர்களின் வாஸ்து) பார்த்துக் கட்டியதால் வந்த திருப்பம் அது. சாலையையும் வீட்டையும் ஒரே வரிசையில் போட்டால் படம் பாந்தமாக வரும். ஆனால் பினாங்கு ஆள் யாராவது பார்த்தால் எங்கேயோ இடிக்கிறதே என்பார்.

அடுத்த தலைவலி நீலம். சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து அடித்த பூச்சு இது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தச் சாயம் இந்தியாவிலிருந்துதான் கப்பலேறி வந்தது. வெறும் வெள்ளையடிப்பது செலவு குறைவுதான், ஆனால் சீனர்களுக்கு வெள்ளை சாவு வீட்டு நிறம். அதோடு பினாங்கின் மழைக்கும் புழுக்கத்துக்கும் சுண்ணாம்புதான் ஏற்றது. சுவர் இழுத்த ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். இன்றைய பெயிண்டை அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். இப்படிப்பட்ட சுவர் எங்கும் ஒரே நீலமாக இருக்காது. தரைக்கு அருகே ஒரு நீலம், கூரை நிழலில் இன்னொன்று, மழை பட்ட இடத்தில் வேறொன்று. டியூபில் வரும் அவுரி நீலம் (இண்டிகோ) இதற்கு ரொம்ப இருட்டு. நான் அல்ட்ராமரீன் நீலத்தில் துளி பர்ன்ட் அம்பர் பழுப்பு சேர்த்து, தாள் ஈரமாக இருக்கும்போதே விட்டுவிடுவேன். திட்டுத் திட்டாகக் காய்ந்தால் பாதி வேலை முடிந்தது.

கூரை முகட்டில் இருக்கும் பூவும் பறவையும் செதுக்கியவை அல்ல. வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கி, சில்லு சில்லாக ஒட்டியது. ஒரு இதழுக்கு ஒரு சில்லு. தூரிகை நுனியால் புள்ளி வைப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, கட்டியவர் கதை. வீட்டுக்குப் பெயர் தந்த சியோங் ஃபட் ட்ஸிதான் அவர். 1840-ல் சீனாவின் குவாங்டாங்கில் பிறந்த, ஹக்கா பிரிவைச் சேர்ந்த சீனர். இளவயதில் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) வெறுங்கையோடு வந்து, வியாபாரத்தில் பெரும் பணக்காரராகி, பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதராகவும் இருந்தார். சீனாவின் யந்தாயில் 1892-ல் அவர் தொடங்கிய சாங்யூ ஒயின் ஆலை இன்றும் நடக்கிறது. பல ஊர்களில் வீடு, எட்டு மனைவியர் என்பார்கள். 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள் கொண்ட இந்த வீடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. 1916-ல் அவர் இறந்தபோது டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள்.

கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில். அந்த மகன் இறந்தது 1989-ல்! அதற்குள் குடும்பச் சொத்து கரைந்து, அறைகளில் வாடகைக்குக் குடிவைத்து, வீடு பாழடைந்துவிட்டது. என்னைக் கேட்டால் உயிலைக் குறை சொல்ல மாட்டேன். நடுவில் எவனாவது வாங்கியிருந்தால் அந்த இடத்தில் இன்று அடுக்குமாடிதான் நின்றிருக்கும்.

அதன்பிறகு கட்டிடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் வாங்கிப் பல ஆண்டுகள் செப்பனிட்டார்கள். 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இப்போது ஹோட்டல். 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' படத்தில் மாஜாங் (சீனர்களின் கட்டை விளையாட்டு) ஆடும் காட்சி இங்கே எடுத்தது என்பதால் செல்ஃபி கூட்டத்துக்குக் குறைவில்லை.

உள்முற்றத்தையும் வரைந்திருக்கிறேன், ஆனால் பேனாவில் மட்டும். தூண்களும் கைப்பிடிகளும் ஸ்காட்லாந்து வார்ப்பிரும்பு. அந்த வளைவு நெளிவுகளை நீர்வண்ணத்தில் போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கசிந்துவிடுகிறது.